ஸ்டீவன்சன் குடும்பத்தை ஹீப்பில் அடுக்கலாம், வாங்க!

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் ஹீப்பை அரேயில் வைப்பது எப்படின்னு படிச்சிருப்பீங்க. ஒரு நோடின் எண் n என்றால் அதன் கீழே வருபவை 2n, 2n+1. இதே எண்முறையை வம்சாவளிக்காக 1590-லேயே மிஷேல் ஐட்சிங்கர் என்பவர் பயன்படுத்தியிருக்கிறார். நீங்க 1 என்றால் அப்பா 2, அம்மா 3. யாரை எடுத்தாலும் அவருடைய அப்பா 2n, அம்மா 2n+1.

எண் போடுவது சுலபம். ஒரு தலைமுறையை அடுத்ததோடு சேர்க்கும் கோட்டுக்கு ஆதாரம் காட்டுவதுதான் வேலை. நம்ம துறைக்காரங்க குடும்பம் ஒன்றை வைத்தே பார்ப்போம்.

அரேயை நிரப்புவோம்

ஸ்காட்லாந்தின் ஸ்டீவன்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக லைட்ஹவுஸ் கட்டிய குடும்பம். அதில் பிறந்து, எடின்பரோவில் இன்ஜினியரிங் சேர்ந்து, பிறகு சட்டம் படிக்கத் தாவி, கடைசியில் 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதியவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் (1850–1894). அவரை 1 என்று வைப்போம்.

2 – அப்பா தாமஸ், லைட்ஹவுஸ் இன்ஜினியர் (1818–1887)
3 – அம்மா மார்கரெட் பால்ஃபர்
4 – தாத்தா ராபர்ட், பெல் ராக் லைட்ஹவுஸ் கட்டியவர் (1772–1850)
5 – பாட்டி ஜீன் ஸ்மித்
6 – அம்மாவின் அப்பா லூயிஸ் பால்ஃபர், பாதிரியார்
8 – ராபர்ட்டின் அப்பா ஆலன்
9 – ராபர்ட்டின் அம்மா ஜீன் லில்லி
10 – ஜீன் ஸ்மித்தின் அப்பா தாமஸ் ஸ்மித்

எந்தக் காலத்துக்கு எந்த ஆவணம்?

1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்கிறது. இறப்புப் பதிவில்கூட இறந்தவரின் அப்பா பெயரும், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் கேட்டு எழுதினார்கள். அதனால 1887-ல் இறந்த தாமஸின் பதிவைப் பிடித்தால், அது 4, 5 இரண்டுக்கும் வழிகாட்டும். இங்கிலாந்தின் அந்தக் கால இறப்புப் பதிவில் இந்த வசதி கிடையாது.

1855-க்கு முன்னால் போனால் சர்ச் பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553-ல் எரால் என்ற ஊரில் தொடங்குகிறது. ஆனா எல்லா ஊரிலும் அவ்வளவு பழசு கிடைக்காது. நடுவில் இடைவெளிகளும் இருக்கும். கூடவே, 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த சென்சஸ் கைகொடுக்கும். அதில் 1841-ஐ மட்டும் கவனமாகப் படிங்க. பெரியவர்களின் வயதை 5-ன் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். இவற்றையெல்லாம் அரசின் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் தேடலாம்.

எங்கே தப்பு நடக்கும்?

ஒண்ணு, பெயர். ஸ்காட்லாந்து வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். நம்ம எழுத்தாளர் ஒரே பிள்ளை. அதனால ராபர்ட், லூயிஸ் என்று 4, 6 இருவர் பெயரும் அவருக்கே வந்தது. 'லூயி' என்ற எழுத்து பின்னால் மாற்றிக்கொண்டது. ஞானஸ்நானப் பதிவில் அந்த எழுத்தைத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இந்த வழக்கம் நல்ல துப்பு, ஆனா ஆதாரம் ஆகாது.

ரெண்டு, ஒலி ஒற்றுமை. ரயில்வே புகழ் ராபர்ட் ஸ்டீஃபன்சனும் இன்ஜினியர், அதே நூற்றாண்டு. ஆனா அவர் இங்கிலாந்துக்காரர், வேறு குடும்பம்.

மூணுதான் பெரிய பொறி. எண் 8 ஆலன் 1774-ல் கரீபியன் தீவில் காய்ச்சலில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற ஜீன் லில்லி, பின்னாளில் லைட்ஹவுஸ் இன்ஜினியர் தாமஸ் ஸ்மித்தை மணந்தார். பிறகு அவர் மகன் ராபர்ட், ஸ்மித்தின் மகள் ஜீனைக் கல்யாணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையே மாமனார்! தாமஸ் ஸ்மித், மனைவி ஜீன், மகள் ஜீன் என்று பார்த்ததும் "அம்மாவும் மகளும்" என்று கோடு போடத் தோணும். போட்டால் ராபர்ட் தன் தாய்க்குப் பிறந்தவளையே மணந்தவர் ஆகிவிடுவார். எண்ணைப் பாருங்க. லில்லி 9. ஸ்மித் 10, அவருக்கு இணை 11. அது ஸ்மித்தின் முந்தைய மனைவிக்கான இடம். கணவன் மனைவி என்பதற்குக் கிடைத்த ஆவணம், பெற்றோர் பிள்ளை என்பதற்கு ஆவணம் ஆகாது.

எங்கே நிறுத்தணும்?

ஸ்டீவன்சனே கடைசி ஆண்டுகளில் சமோவா தீவில் உட்கார்ந்துகொண்டு, கடிதம் எழுதி விவரம் திரட்டித் தன் குடும்ப வரலாற்றை எழுதினார். 1603-ல் பெயரே தடை செய்யப்பட்டு, வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்த மக்ரெகர் கூட்டத்தில் தானும் ஒருவராக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் அவர் முன்னோர் வரிசையைத் தொடங்கியது சுமார் 1675-ல் ரென்ஃப்ரூ பகுதியில் குத்தகை நிலத்தில் இருந்த ஒரு ஜேம்ஸ் ஸ்டீவன்சனிடமிருந்துதான். ஆசையை ஆசை என்று வைத்துவிட்டு, காகிதம் காட்டிய இடத்தில் நின்றார். புத்தகம் முடியாமலே 1894-ல் இறந்தார். அது பிறகு அச்சானது.

பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். ஆதாரமில்லாத இடத்தை நல் என்றே விடுங்க. எண் 10-ல் தப்பான ஆளை வைத்தால் 20, 21, 40 முதல் 43 என்று அதற்கு மேலே இருக்கும் எல்லாமே வேறு யாரோ ஒருவருடைய குடும்பம்.

ஒரு சின்னப் பயிற்சி: தாமஸின் அண்ணன் டேவிடும் லைட்ஹவுஸ் இன்ஜினியர்தான். இந்த அரேயில் அவருக்கு ஏன் எண்ணே கிடையாது?