விளையாட்டுத் திடலில் பற்களைக் காப்போம்



"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. முதுமையில் பல் விழுவதை எண்ணியே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். ஆனால் பதினான்கு வயதிலும் ஒரு நொடியில் பல் போகலாம் என்பதை நாங்கள் கூடைப்பந்துப் பயிற்சியின்போது கண்ணாரக் கண்டோம்.

பந்தைப் பிடிக்க இருவர் ஒரே நேரத்தில் துள்ளினர். ஒருத்தியின் முழங்கை மற்றவளின் வாயில் இடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் விழுந்தது. நாங்கள் பதறிப்போய், நன்மை செய்வதாக எண்ணி, அந்தப் பல்லைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கைக்குட்டையில் சுற்றி வைத்தோம். மாலையில்தான் அவள் பல் மருத்துவரிடம் போனாள். "பல்லைப் பாலில் போட்டு உடனே கொண்டு வந்திருக்கக் கூடாதா, அம்மா?" என்று அவர் கேட்டாராம். இன்றும் அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அன்று நாங்கள் அறியாதிருந்ததை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பல்லின் அமைப்பு

நமக்கு முதலில் முளைப்பவை 20 பாற்பற்கள். பின்னர் வருபவை 32 நிலைப்பற்கள். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும் அதில் உயிரணுக்கள் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் உடைந்தால் மீண்டும் வளராது. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்கள் உள்ளன. அவையே பல்லைத் தாடை எலும்போடு பிணைத்து நிற்கச் செய்கின்றன.

பல் விழுந்தால் செய்ய வேண்டியவை

விழுந்த பல்லின் வேரில் அந்த நார்களின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அவை உயிரோடு இருந்தால்தான் பல் மீண்டும் பிடிக்கும். உலர்ந்தால் சிறிது நேரத்திலேயே மடிந்துவிடும். ஆகவே பின்வருவனவற்றை நினைவில் வையுங்கள்.

1. அடிபட்டவள் தெளிவான நினைவோடு இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள். மயக்கம் இருந்தால் தலையில் அடிபட்டிருக்கலாம், அதற்கே முதலிடம்.

2. பல்லைத் தேடி எடுங்கள். வெண்மையான மேற்பகுதியைப் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது.

3. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, ஓடும் குளிர்ந்த நீரிலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள். தேய்க்கவோ, சோப்புப் போடவோ வேண்டாம்.

4. நிலைப்பல்லாயின், உடனே அதன் குழியில் மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாற்பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது; அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு ஊறு நேரலாம்.

5. பொருத்த முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள், தவறினால் ஒரு மணி நேரத்துக்குள்ளாவது, பல் மருத்துவரை அடையுங்கள். தண்ணீரில் ஊறப்போடுவது தவறு. உடைந்த பல் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

வருமுன் காப்போம்

விபத்தைத் தடுக்க உதவுவது பற்கவசம். லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிராஸ் 1890ஆம் ஆண்டில், ரப்பரைப் போன்ற கட்டாபெர்ச்சாவைக் கொண்டு குத்துச்சண்டை வீரர்களுக்கு இதைச் செய்தார். மோதலும் வீழ்தலும் நிறைந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதை அணிவது 1962இல் கட்டாயமாயிற்று. இது அடியின் வேகத்தைப் பரவலாக்கிக் குறைக்கிறது; உதடும் நாக்கும் பல்லில் பட்டுக் கிழியாமலும் தடுக்கிறது. ஹாக்கி, கூடைப்பந்து, கபடி ஆடுவோருக்கு இது மிக ஏற்றது. கடையில் வாங்கி வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் வகையும் உண்டு. மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவதே சிறந்தது. பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். ஆடி முடித்ததும் கவசத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுப் புகும் பெட்டியில் வையுங்கள்.

தாகமும் பற்களும்

மோதல் இல்லாத ஓட்டத்திலும் பற்களுக்குத் தீங்கு நேரலாம். வேகமாக ஓடும்போது வாயால் மூச்சு விடுகிறோம், வாய் உலர்கிறது. அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காப்பது உமிழ்நீரே. அது குறைந்திருக்கும் வேளையில் இனிப்பும் புளிப்பும் கலந்த பானங்களைச் சிறிது சிறிதாக உறிஞ்சினால் எனாமல் கரையும். விளையாட்டு வீரர்களுக்கென விற்கும் பானங்களும், சோடா வகைகளும், சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறும் இதற்கு விலக்கல்ல. நம் போன்ற மாணவியரின் அன்றாடப் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். புளிப்பானதைக் குடித்தால் வாயைக் கொப்புளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்குங்கள்.

ஈறுகளையும் மறவாதீர்கள். துலக்கும்போது இரத்தம் கசிந்தால் ஈறு நோயுற்றிருக்கலாம். காலையிலும் இரவிலும் மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பற்பசை கொண்டு இரண்டு நிமிடம் துலக்குங்கள். கசிவு நிற்காவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோழியரே! அடிபடும் என்று அஞ்சி விளையாட்டை விட்டுவிட வேண்டாம். உடலுக்கு உரம் தருவது விளையாட்டே. திடலுக்குப் போகும்போது தண்ணீரும் பற்கவசமும் உடன் இருக்கட்டும். விழுந்த பல்லுக்குப் பால் என்பது மனத்தில் இருக்கட்டும். அடுத்த முறை ஒரு தோழியின் பல் மண்ணில் விழுந்தால், அவள் புன்னகையைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.