'ஏன்?' என்று கேட்டால் பதில் சொல்லும் கணிப்பொறி

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறீர்கள். அவர் எடுத்த எடுப்பிலேயே மருந்துச் சீட்டு எழுதிவிடுவதில்லை. "எத்தனை நாளாகக் காய்ச்சல்? குளிர் நடுக்கம் உண்டா? வாந்தி இருக்கிறதா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார். உங்கள் விடையைப் பொறுத்து அவருடைய அடுத்த கேள்வி மாறுகிறது. பல ஆண்டுப் படிப்பும் அனுபவமும் அந்தக் கேள்விகளின் பின்னால் இருக்கின்றன. அந்த அனுபவத்தை ஒரு கணிப்பொறிக்குக் கற்றுக் கொடுக்க முடியுமா?

ஓரளவு முடியும் என்று காட்டியது 'மைசின்' என்னும் நிரல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970-களில் இது உருவாயிற்று. எட்வர்டு ஷார்ட்லிஃப், புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோர் இதில் முக்கியப் பங்கு பெற்றனர். ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் என்று கிருமிகளை எதிர்க்கும் மருந்துகள் பலவற்றின் பெயர் 'மைசின்' என்று முடிகிறது அல்லவா? நிரலின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஒரு துறை வல்லுநரின் அறிவைக் கொண்டு ஆலோசனை கூறும் இத்தகைய நிரல்களை 'வல்லுநர் அமைப்பு' என்கிறோம்.

காத்திருக்க நேரமில்லை

மூளையைச் சூழ்ந்துள்ள உறைகளில் பாக்டீரியா தொற்றினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிருமி என்று அறிய, அதைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை மருந்து கொடுக்காமல் இருக்க முடியாது. எல்லா மருந்தையும் கொடுத்துவிடவும் முடியாது. சில மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியவை. ஆகவே, அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டே டாக்டர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குத் துணை நிற்பதே மைசினின் நோக்கம்.

விதிகளும் உறுதி எண்ணும்

மைசினின் அறிவு சில நூறு விதிகளாக எழுதப்பட்டிருந்தது. ஒரு விதியைப் பாருங்கள்: 'கிருமி கிராம் சோதனையில் ஊதா நிறத்தைத் தக்கவைக்காமல், கோல் வடிவில் இருந்து, ஆக்சிஜன் இல்லாத சூழலில் வளர்ந்தால், அது பாக்டீராய்டீஸாக இருக்கலாம், உறுதி 0.6.'

அந்த 0.6 எதற்கு? டாக்டர்கள் 'நிச்சயம்' என்று சொல்வதைவிட 'இருக்கலாம்' என்று சொல்வதே அதிகம். அந்த 'இருக்கலா'முக்கு ஓர் எண் கொடுத்தார்கள். இரண்டு விதிகள் ஒரே கிருமியைச் சுட்டினால் என்ன செய்வது? முதல் விதி 0.6 உறுதி தருகிறது; மீதி 0.4 ஐயம். இரண்டாவது விதியின் உறுதி 0.4 என்றால், அது அந்த ஐயத்தில் 0.4 பங்கை, அதாவது 0.16-ஐ நீக்குகிறது. மொத்த உறுதி 0.76. இப்படி எத்தனை விதிகள் சேர்ந்தாலும் உறுதி 1-ஐத் தாண்டாது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

விதிகளை மைசின் கையாளும் முறை உங்களுக்குப் பழக்கமானதுதான். வடிவியலில் இரு பக்கங்கள் சமம் என்று நிரூபிக்க வேண்டுமானால், "அதற்கு இரு முக்கோணங்கள் சர்வசமமாக வேண்டும், அதற்கு எந்தக் கோணங்கள் சமமாக வேண்டும்?" என்று முடிவிலிருந்து பின்னோக்கிப் போவீர்கள் அல்லவா? மைசினும் அப்படியே. 'இது பாக்டீராய்டீஸா?' என்று தொடங்கி, அதற்குத் தேவையான செய்திகளை டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

கேள்விக்கு எதிர்க்கேள்வி

மைசினின் சிறப்பே இனிமேல்தான் வருகிறது. அது கேள்வி கேட்கும்போது, "ஏன் கேட்கிறாய்?" என்று டாக்டர் திருப்பிக் கேட்கலாம். தான் எந்த விதியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அது எழுதிக் காட்டும். "இந்த முடிவுக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டால், பயன்படுத்திய விதிகளை எடுத்துக் காட்டும். காரணம் தெரிந்தால்தானே டாக்டர் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும்?

மைசினுக்கு ஒரு தேர்வும் நடந்தது. 10 நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து அதுவும் மருத்துவர்களும் தனித்தனியே சிகிச்சை பரிந்துரைத்தார்கள். யாருடைய பரிந்துரை எது என்று சொல்லாமல், வெளியிலிருந்து வந்த 8 வல்லுநர்கள் அவற்றை மதிப்பிட்டார்கள். 1979-இல் முடிவு வெளியாயிற்று. மைசினின் பரிந்துரைகளுக்குக் கிடைத்த ஏற்பு 65 சதவீதம். '65 தானா?' என்று நினைக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டின் மருத்துவப் பேராசிரியர்கள் பெற்றதே 42.5 முதல் 62.5 சதவீதம் வரைதான். வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எவ்வளவு என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

முடிவு யாருடையது?

அப்படியானால் மைசின் மருத்துவமனைகளில் இடம்பெற்றதா? இல்லை. அன்றாடச் சிகிச்சையில் அது பயன்படவே இல்லை. டாக்டர் ஒவ்வொரு விவரத்தையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது. அதன் ஆலோசனையால் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. ஆனால் அதன் விதிகளை நீக்கிவிட்டு, நுரையீரல் சோதனைக்கான விதிகளைச் சேர்த்து 'பஃப்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அது சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் உண்மையாகவே வேலை செய்தது. அது தயாரித்த அறிக்கையை ஒரு டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார்.

அந்தக் கையெழுத்துதான் முக்கியம். விதிகளில் எழுதப்படாத எதுவும் அமைப்புக்குத் தெரியாது. நோயாளியின் முகம் வாடியிருப்பதை அது காணாது. தாய் தயங்கித் தயங்கிச் சொல்வதன் பொருள் அதற்கு விளங்காது. இன்றைய கணிப்பொறி நிரல்கள் பல, விதிகளுக்குப் பதிலாக ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து தாமே கற்கின்றன. அவை இன்னும் திறமையானவை. ஆனால் 'ஏன்?' என்று கேட்டால் தெளிவான விடை பெறுவது அவற்றிடம் கடினம். ஆகவே அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிள் சரியாக ஓடாவிட்டால் பழுதைக் கண்டறிய 10 விதிகள் எழுதுங்கள். நண்பர் ஒருவர் கணிப்பொறியாக இருக்கட்டும். விதிகளில் உள்ளதைத் தவிர வேறு எதையும் அவர் பயன்படுத்தக் கூடாது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் "ஏன்?" என்று கேளுங்கள். அவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ, அங்கே உங்களுக்குத் தெரிந்தும் நீங்கள் எழுத மறந்த ஒரு விதி இருக்கும்.