நாற்பதுக்குப் பின் கண்ணும் கைத்தொழிலும்

தறியில் அமர்வோருக்கும் வயலில் இறங்குவோருக்கும் கைத்திறனே மூலதனம் என்று சொல்வது வழக்கம். ஆயினும் கையை வழிநடத்துவது கண்ணே ஆகும். நாற்பது வயதைக் கடந்த நெசவாளர் அறுந்த பாவிழையைத் தேடிப் பிணைப்பதற்கு முன்னைவிட நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறார்; புட்டாவில் பிழை நேர்ந்ததைச் சேலையை மடிக்கும்போதுதான் காண்கிறார். அதே வயதுள்ள விவசாயி பூச்சிமருந்துப் புட்டியின்மேல் உள்ள பொடி எழுத்தைப் படிக்க இயலாமல் மருந்தை உத்தேசமாக ஊற்றுகிறார். இருவரும் சொல்லும் காரணம் ஒன்றே: “வயதாகிவிட்டது.” வயது உண்மைதான், ஆனால் அதனால் நேர்ந்த குறையை எளிதில் நீக்கிக்கொள்ளலாம். அதற்குரிய வழிகளையும், அவற்றைப் பழகிக்கொள்ளும் முறையையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வெள்ளெழுத்து என்பது யாது?

நம் கண்ணுக்குள் இயற்கையான வில்லை ஒன்று உண்டு. இளமையில் அது நெகிழ்ந்து உருமாறி, தொலைவில் உள்ளதையும் அருகில் உள்ளதையும் மாறிமாறித் தெளிவாகக் காட்டும். வயது ஏற ஏற அந்நெகிழ்வு குறைந்து, நாற்பதையொட்டி அருகில் உள்ளவை மங்கத் தொடங்குகின்றன. இதுவே வெள்ளெழுத்து. இது நோயன்று, விரைவிலோ தாமதமாகவோ யாவருக்கும் வருவது. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெட்டுவிடும் என்ற எண்ணம் தவறானது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் அறுபது வயது வரையில் கண்ணாடியின் எண் சிறிது சிறிதாக ஏறவே செய்யும். அணியாதவருக்கு மிஞ்சுவது தலைவலியும் வேலைக்குறைவுமே.

அவ்வேலைக்குறைவு எவ்வளவு என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2017-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ள 751 தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை முதலிலேயே வழங்கினார்கள்; மற்றப் பிரிவுக்கு ஆய்வின் முடிவில் வழங்கினார்கள். கண்ணாடி பெற்றவர் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. பெறாதவர் பறித்தது 26-லிருந்து 30½ கிலோ அளவுக்கே உயர்ந்தது. கண்ணாடியால் மட்டும் விளைந்த ஆதாயம் சுமார் 22 சதவீதம் என்று 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வங்காளதேசத்தில் 824 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில், எட்டு மாதத்திற்குப் பின் கண்ணாடி பெற்றவரின் மாத வருமானம் பெறாதவருடையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. விலை மிகக் குறைந்த ஒரு கருவி இவ்வளவு பலன் தருகிறது.

நூல் பிடித்து அளத்தல்

இவ்வாறிருந்தும், கண்ணாடி வாங்கிய நெசவாளர் பலர் அதைப் பெட்டியில் வைத்துவிடுவது ஏன்? பெரும்பாலும் அது அவர்களுடைய தொழிலுக்கு அளந்து செய்யப்படாததே காரணம். புத்தகம் படிப்போருக்கான கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்திற்கு ஏற்றது. தறியில் கண்ணுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கலாம்.

கணக்கு எளிது. நூறைச் சென்டிமீட்டர் தூரத்தால் வகுத்தால் தேவையான வில்லையின் சக்தி கிடைக்கும். 40 சென்டிமீட்டருக்கு 2½, 50-க்கு 2, 66-க்கு 1½. தொலைப்பார்வை தெளிவாகவும் கண்ணின் சொந்த நெகிழ்வு முற்றிலும் ஒடுங்கியும் உள்ளவருக்கு இது பொருந்தும். நாற்பதுகளில் சிறிது நெகிழ்வு எஞ்சியிருப்பதால் இதைவிடக் குறைவான சக்தியே போதும். முடிவான எண்ணைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். தூரத்தை அளந்து சொல்ல வேண்டியவர் நாம்.

ஆகவே தறியில் வழக்கம்போல் அமருங்கள். மற்றொருவர் உங்கள் கண்ணருகிலிருந்து அச்சு வரையில் ஒரு நூலைப் பிடித்து முடிச்சிடட்டும். ஜக்கார்டு அட்டை குத்துவோரும், செடிக்கு ஒட்டுக் கட்டுவோரும், விதை பொறுக்குவோரும் தத்தம் வேலைத் தூரத்தை அவ்வாறே அளக்கலாம். அந்நூலைப் பரிசோதனைக்குச் செல்லும்போது கையோடு கொண்டுசெல்லுங்கள்.

கண்ணாடியைப் பழகுதல்

புதுக்கண்ணாடி முதல் சில நாட்களில் தரையைச் சாய்வாகவும் படியை உயர்வாகவும் காட்டக்கூடும். மூளை புதிய காட்சிக்கு இணங்க ஓரிரு வாரம் ஆகும். அக்காலத்தில் பழைய கண்ணாடியையும் புதியதையும் மாற்றி மாற்றி அணியலாகாது. காலையில் எழுந்ததும் அணிந்து பழகுவது நன்று. இரு வாரத்திற்குப் பின்னும் தலைவலியோ மயக்கமோ நீடித்தால், எண்ணும் சட்டமும் சரியாக உள்ளனவா என்று மீண்டும் காட்ட வேண்டும்.

கிட்டப்பார்வைக்கு மட்டும் ஆன கண்ணாடியைத் தறியை விட்டு எழும்போது கழற்றிவிடுக. மேலே தொலைவுக்கும் கீழே கிட்டத்திற்கும் ஆன இரட்டை வில்லைக் கண்ணாடியில், கீழ்ப்பகுதி வழியாகப் படியையும் வரப்பையும் பார்த்தால் அவை மங்கும். தலையைத் தாழ்த்தி மேற்பகுதி வழியாகப் பார்த்து நடக்க வேண்டும். கோடு தெரியாத படிநிலை வில்லையில் ஓரங்கள் மங்கலாதலின், கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையே திருப்பிப் பழக வேண்டும். அகன்ற பாவில் நாடா ஓடுவதைக் கவனிப்போர் இதனை வாங்குமுன் கருதுக.

காண்டாக்ட் லென்ஸ்

விழியின் மேலேயே பொருத்திக்கொள்ளும் இவ்வில்லையை நம் இளைஞர் சிலர் விரும்புகின்றனர். இன்று வழங்கும் மென்மையான வகைக்கு அடிகோலியவர் செக்கோஸ்லோவாகியாவின் வேதியியலறிஞர் ஓட்டோ விக்டர்லே. 1961-இல் தம் வீட்டில், குழந்தைகள் விளையாட்டுக் கருவிகளைக்கொண்டு அமைத்த பொறியில் அவர் இதனை வார்த்தார். அதிகமான கிட்டப்பார்வைக் குறை உள்ளோருக்கும், கருவிழி கூம்பு வடிவமாகப் புடைத்தோருக்கும் இது மிகவும் பயன்படுகிறது.

பழகும் முறை இது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, பஞ்சிழை ஒட்டாத துணியால் துடைத்துக்கொள்க. வில்லை கிண்ணம்போல் நிற்கிறதா, விளிம்பு வெளியே மடிந்திருக்கிறதா என்று பார்க்க. மடிந்திருந்தால் அது உட்புறம் வெளியாகத் திரும்பியுள்ளது. எப்போதும் ஒரே கண்ணில் தொடங்கினால் இடம் வலம் மாறாது. முதல் நாள் சில மணி நேரமே அணிந்து, மருத்துவர் சொன்னபடி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுக. வில்லை விழிக்குப் பின்னால் சென்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இமையின் உட்சவ்வு அதைத் தடுத்து நிற்கும்.

கிணற்றுநீர், குழாய்நீர், எச்சில் எதுவும் வில்லையில் படலாகாது. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் கருவிழியைத் துளைத்துப் பார்வையையே பறிக்கக்கூடும். அதற்கென உள்ள மருந்து நீரை நாள்தோறும் புதிதாக மாற்றுக. அணிந்தபடி உறங்கற்க. கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் செல்க.

பஞ்சுத்தூசி பறக்கும் தறிக்கூடத்திலும், சாயக்கொப்பரையின் அருகிலும், மருந்து தெளிக்கும் வயலிலும் காண்டாக்ட் லென்ஸைவிடக் கண்ணாடியே தக்கது என்பது நம் கருத்து. அன்றியும், உற்றுப் பார்த்து வேலை செய்கையில் நாம் இமைப்பது குறைகிறது. அதனால் வில்லை உலர்ந்து உறுத்தும். மருந்து தெளிப்போர் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கவசமும் அணிதல் அவசியம்.

சிகிச்சை முறைகள்

லேசர் ஒளியால் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை, பதினெட்டு வயது கடந்து, எண் மாறாமல் நிலைத்தவருக்கு உரியது. அதனைச் செய்துகொண்டவருக்கும் நாற்பதுக்குப் பின் வெள்ளெழுத்து வரவே செய்யும். கண்புரை வேறு, அங்கே வில்லையே மங்கிவிடுவதால் கண்ணாடி மட்டும் போதாது. புரையை நீக்கிச் செயற்கை வில்லை வைக்க வேண்டும். எந்தக் கண்ணாடியாலும் தெளிவு வராவிட்டால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாமல் புரை உண்டா, நீர் அழுத்தம் உண்டா என்று பார்ப்பதே முறை.

நாம் செய்யக்கூடியது

நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் அங்கத்தினர் சங்கத்திற்கு வரும் நாளிலேயே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் ஒருவருடைய கூலியும் கெடாது. பலருக்கு ஒருங்கே வாங்கினால் விலையும் குறையும். தேய்ந்த அச்சை மாற்றுவதற்கு நாம் தயங்குவதில்லை. கண்ணுக்கு உதவும் கருவிக்கு மட்டும் தயங்குவானேன்?

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் கண்ணுக்கும் நீங்கள் செய்யும் வேலைக்கும் உள்ள தூரம் எவ்வளவு?

2. உங்கள் ஊரில் பார்வை மங்கியதால் நுண்ணிய வேலையை விட்டு, குறைந்த கூலிக்கு மாறியவர் எத்தனை பேர்? அவர்களுள் கண்ணைச் சோதித்துக்கொண்டவர் எத்தனை பேர்?

3. பூச்சிமருந்துப் புட்டியில் உள்ள அளவை உங்கள் வீட்டில் படிப்பவர் யார்?