களவும் காப்பும்

நம் மாவட்டத்து நடுகற்களை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நின்ற அக்கற்களிற் சில இன்று தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல, கவரப்பட்ட ஆநிரையை மீட்கப் பொருது மாண்ட வீரர்க்கு எடுக்கப்பட்டவை. அக்கல்வெட்டுகளில் ஆநிரைக்குத் ‘தொறு’ என்று பெயர். நிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர் நம் முன்னோர்.

மீட்பதற்கு மூன்று வேண்டும். பொருள் போனது உடனே தெரிய வேண்டும். அது எவருடையது என்பதற்கு அடையாளம் வேண்டும். உதவிக்கு அயலார் வேண்டும். இம்மூன்றும் இல்லாத வீட்டில் எத்தனை பூட்டு இருந்தும் பயனில்லை. பூட்டு திருடனைத் தாமதப்படுத்துமேயன்றி, போன பொருளைத் திருப்பித் தராது. ஆகவே இம்மூன்றையும் நம் தொழிலோடு பொருத்தி ஆராய்வோம்.

1. உடனே அறிதல்

எண்ணி வைக்காத பொருள் குறைந்தது தெரியாது. நெசவாளர் சங்கத்தில் நூல் பெறும்போதே எடையைத் தம் கண்ணெதிரே நிறுத்து, கைப்புத்தகத்தில் பதியச் செய்ய வேண்டும். நெய்த துணியை ஒப்படைக்கும்போதும் அவ்வாறே. பாவு, ஊடை, சரிகை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு இருப்பின், குறைவு தறியில் நேர்ந்த கழிவா, களவா என்பது அன்றே விளங்கும். கணக்கில்லாத இடத்தில் நல்லவர் மீதும் ஐயம் விழும். வேலையாள் ஒருவர் குற்றமின்றிப் பழி சுமப்பது, நூல் போவதினும் பெரிய நட்டம்.

2. அடையாளம் வைத்தல்

மாடுகளுக்குக் கால்நடைத் துறையினர் பொருத்தும் காதுவில்லையில் 12 இலக்க எண் உண்டு. அதைக் குறித்து வையுங்கள். நீரிறைக்கும் மோட்டாரின் எண்ணையும் வாங்கிய ரசீதையும் சேர்த்து வையுங்கள். மோட்டாரின் மேல் உங்கள் அடையாளம் ஒன்றைச் செதுக்குவதும் நன்று. நகைகளை எடையோடு பட்டியலிட்டுப் படம் எடுத்து வைப்பது நலம். அப்பட்டியலை நகைப்பெட்டிக்குள்ளேயே வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். அது காணாமற் போனால், அந்த எண்ணைக் கொண்டு நடுவண் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியே எவரும் பயன்படுத்தாதவாறு முடக்கலாம்.

3. கூடிக் காத்தல்

விலை ஏறும் இடத்தைத் திருடன் அறிவான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ ரூ.100-ஐக் கடந்தபோது, அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் நிலத்திலிருந்தே தக்காளி களவு போனதாகப் புகார் எழுந்தது. பாலக்கோட்டுத் தக்காளிச் சாகுபடியாளர்க்கு இது பாடமாகும். தனி ஒருவர் பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் விழித்திருத்தல் இயலாது. அடுத்தடுத்த நிலத்தார் பத்துப் பேர் முறை வைத்துக்கொண்டால், நாளுக்கு இருவராக, ஒருவருக்கு ஐந்து நாளைக்கு ஓர் இரவே காவல் வரும். கூட்டுறவு என்பது கடனுக்கும் கொள்முதலுக்கும் மட்டும் உரியதன்று. வெளியூர் செல்வோர் அடுத்த வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் இதன்பாற்படும்.

4. கண்ணுக்குத் தெரியாத களவு

இக்காலத் திருடன் சுவரில் கன்னமிடுவதில்லை, தொலைபேசியில் பேசுகிறான். வங்கியிலிருந்து பேசுவதாகவும், மானியம் வந்திருப்பதாகவும் கூறுவான். ஒன்றை மனத்திற் பதியுங்கள்: பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, பணம் கொடுப்பதற்கே தேவை. ‘பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்’ என்பவன் திருடனே. ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது.

நம்மை அறியாமல் கணக்கிலிருந்து பணம் போயின் விரைவே காப்பு. இந்திய ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டில் கூட்டுறவு வங்கிகளுக்கும் வகுத்த விதிப்படி, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ பிழையின்றி, இடையில் வேறோரிடத்துக் குறையால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், நட்டம் வாடிக்கையாளரைச் சேராது. இரகசிய எண்ணைத் தாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நட்டம் அவரையே சேரும். தாமே ஏமாந்தவரும் விரைந்து தெரிவிக்க வேண்டுவது இதனாலேயே. வெட்கத்தால் ஒரு நாள் மறைத்தால், அந்த ஒரு நாளில் எஞ்சியதும் போகலாம். வங்கிக்கும், 1930 என்னும் எண்ணுக்கும் உடனே அறிவியுங்கள்.

5. களவு போனபின்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டங்களில் மூன்று செய்திகளை அங்கத்தினர் அறிதல் வேண்டும். முதலாவது, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பெங்களூருப் பேருந்தில் நகையை இழந்தவர் தருமபுரியிலேயே புகார் பதியலாம். இரண்டாவது, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. மூன்றாவது, திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதும் குற்றம். பாதி விலைக்கு மோட்டாரோ செம்புக் கம்பியோ வரும்போது, அது எவருடைய கிணற்றிலிருந்து வந்தது என்று கேளுங்கள். வாங்குவோர் இல்லையேல் களவும் குறையும்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு அங்கத்தினரும் தம் வீட்டிலுள்ள பொருள்களின் எண், எடை, ரசீது ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி முடிக்க வேண்டுகிறோம். எழுத இயலாதவர்க்குச் சங்கச் செயலாளரும் படித்த இளைஞரும் உதவ வேண்டும். நிலத்துக் காவல் முறையைப் பேரவையிலேயே பேசி முடிவு செய்யலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதுமே.