குடித்தனக் கணக்கு

அல்சூர்,
பெங்களூர்.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படி. வீட்டுச் சிக்கனம் பெண்பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று நம் குடும்பங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் கணக்கும் இரண்டு பேருடையதுதான்.

உன் அம்மா போனில் சொன்னாள். இரண்டு சம்பளம் வந்தும் இருபதாம் தேதிக்கு மேல் உங்களுக்குக் கை கடிக்கிறதாம். பெரிதாக எதுவும் வாங்கவில்லை, பணம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று நீ வருத்தப்பட்டாயாம். நீ ஊதாரி இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர்களுக்குச் செலவு பாதி கட்டுப்பட்டுவிடும். தெரியாதவர்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பணம் வேறு வழியில் போய்விடும்.

முதலில் கரண்ட். வாடகை வீடுதானே என்று நீங்கள் கர்நாடக அரசின் இலவசக் கரண்ட் திட்டமான கிருஹ ஜோதிக்கு இன்னும் பதிவு செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். 2023 ஜூலையில் வந்த திட்டம் அது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. கரண்ட் பில்லில் ஆர்.ஆர். எண் என்று ஒன்று இருக்கும். அதையும் உங்களில் ஒருவர் ஆதாரையும் அரசின் சேவா சிந்து தளத்தில் இணைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு குடியிருந்தவர் தன் ஆதாரை அதே எண்ணில் விட்டுப் போயிருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்ல வேண்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 200 யூனிட் வரை இலவசம் என்று கேட்டதும் எல்லோருக்கும் 200 யூனிட் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 2022-23ஆம் ஆண்டில் அந்த வீடு மாதம் சராசரியாக எவ்வளவு எரித்ததோ அதோடு பொதுவாக 10 சதவீதம் சேர்த்து வருவதுதான் அந்த வீட்டின் பங்கு. பழைய கணக்கே இல்லாத புது வீடானால் 53 யூனிட்டைச் சராசரியாக வைத்து 10 சதவீதம் கூட்டுகிறார்கள், அதாவது 58. பங்கைத் தாண்டி 200க்குள் நின்றால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டிவிட்டால் சலுகை மொத்தமும் போய், முதல் யூனிட்டிலிருந்து கட்ட வேண்டும். 199க்கும் 201க்கும் நடுவில் இரண்டு யூனிட்தான். ஆனால் 201 வந்த மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத பில் வரும். அதனால் மீட்டர் படிக்க வருகிற தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள். அதற்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளையைக் கீழே போய் மீட்டரைப் பார்த்துவரச் சொல்.

பெங்களூர் வீட்டில் கரண்டைத் தின்பது கீசர்தான். நம் திருப்பத்தூர் வெயிலுக்கு மின்விசிறியும் ஏசியும் எப்படியோ, இங்கே கீசர் அப்படி. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. வருடத்தில் பாதி நாள் ஏசி தேவையில்லை. வெந்நீர் இல்லாமல் மட்டும் முடியாது. 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் அப்படி ஓடினால் மாதம் 60. நான் சொன்ன 58 யூனிட் வீட்டுக்கு வெந்நீரே மொத்தப் பங்கையும் விழுங்கிவிடும். எழுந்ததும் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, பல் தேய்த்து, காபி போட்டு, போனைப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் குளிக்கப் போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஷவரை விட்டுவிட்டு பக்கெட்டில் வெந்நீர் பிடித்துக் குளியுங்கள். ஒருவர் குளித்ததும் அடுத்தவர் குளித்தால் தொட்டியில் இருக்கும் சூடு வீணாகாது. வீட்டு ஓனர் மாடியில் சோலார் வைத்திருந்தால் உங்கள் குழாய்க்கு அந்த இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஊரில் மாடிக்கு மாடி சோலார் வெந்நீர்த் தொட்டி தெரியும். கீழே குடியிருப்பவருக்கு இணைப்பு இருப்பது தெரியாமலே கீசர் ஓடிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மற்றவை சின்னவை. டி.வி. பெட்டியை ரிமோட்டில் மட்டும் அணைக்காமல் சுவரிலும் அணை. 10 வாட் இழுக்கிற ஒரு கருவி இரவும் பகலும் நின்றால் மாதம் 7 யூனிட் போகும். மின்விசிறி மாற்ற வேண்டி வந்தால் பி.எல்.டி.சி. வகையாக வாங்கு. பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். ஓடுகிற விசிறியைக் கழற்றிவிட்டு வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். இதைப் பணக் கணக்காக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. உன் குழாயில் வருகிற காவிரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. வருகிற வழியில் அதை அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். 1974இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தபோது இந்த ஊர் வேறு ஊர். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறந்து, தினம் 77.5 கோடி லிட்டர் கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள். அதற்கு ஏழு மாதம் முன்னால், அந்த மார்ச்சில், நீங்கள் இப்போது இருக்கும் கிழக்குப் பக்கமெல்லாம் போர்வெல் வற்றிப்போய் டேங்கருக்குக் காத்துக் கிடந்தது. காரைக் குடிநீரில் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அடுக்ககங்களிலும் கடைகளிலும் குழாய் முனையில் ஏரேட்டர் கட்டாயம் என்றது. அந்த நெருக்கடி தீர்ந்ததும் பலர் பழையபடி திறந்துவிடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஏரேட்டர் ஒரு சின்ன ஜல்லடைத் திருகு. சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டுகிற தண்ணீரைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும், கை கழுவுவதில் வித்தியாசம் தெரியாது. உங்கள் சமையலறைக் குழாயில் இருக்கிறதா என்று பார். அடுத்தது குடிக்கிற தண்ணீர் இயந்திரம். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். காவிரித் தண்ணீரில் உப்பு குறைவு. அதற்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, வடிகட்டிக் காய்ச்சினால் போதும். உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. உங்களுக்குக் காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றும் கலந்து வருகிறது என்றால் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஆர்.ஓ. வேண்டியிருந்தால் அதன் கழிவுக் குழாயைப் பக்கெட்டில் விட்டு, வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்.

இனி மாப்பிள்ளை கவனமாகக் கேட்க வேண்டியது. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வருகிற சாமான். இந்தத் தொழிலின் தலைநகரே இந்த ஊர்தான். ஸ்விக்கி 2014இல் இங்கேதான் தொடங்கியது. ஆத்திர அவசரத்துக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. இரவு குழந்தைக்கு மருந்து வேண்டும் என்றால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் அரை லிட்டர் பாலுக்கும் தினமும் போனைத் தட்டினால், பொருளின் விலையோடு டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன ஆர்டர் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறும். சாப்பாட்டு ஆர்டருக்கு 2023இல் இரண்டு ரூபாயாக வந்த பிளாட்பார்ம் கட்டணம் இன்று பல மடங்காகிவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகத் தேவையில்லாத இரண்டு பொருளைக் கூடையில் சேர்ப்பது. உங்கள் செலவு பெரும்பாலும் இதில்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். இரண்டு பேர் போனிலும் சென்ற மாத ஆர்டர்களை எடுத்து, ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். கூட்டி முடிக்கும் வரை ஒருவரை ஒருவர் குறை சொல்லக் கூடாது.

காய்க்கு ஹாப்காம்ஸ் கடை பக்கத்தில் இருக்கிறதா என்று பார். 1959இல் தோட்டக்கலை விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு அது. விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் குவிந்து கிடக்கும். அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதைச் சமைக்கக் கற்றுக்கொள். ஜூலையில் அவரைக்கு ஏங்க வேண்டாம்.

மாவு விஷயத்தில் உன் அம்மா உன்னைத் திட்டியிருப்பாள். நான் திட்ட மாட்டேன். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிற பெண் ஞாயிற்றுக்கிழமையும் கிரைண்டர் முன்னால் உட்கார வேண்டும் என்று சட்டமில்லை. பாக்கெட் மாவு வாங்கி வீட்டில் தோசை ஊற்றினால், அதே தோசையை ஓட்டலிலிருந்து வரவழைப்பதில் சிறு பங்குதான் ஆகும். ஆட்ட நேரம் கிடைத்தால் இன்னும் லாபம். 150 வாட் கிரைண்டர் முக்கால் மணி ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது. அரிசி ஊறப் போடுவதும் மாவு அள்ளுவதும் மாப்பிள்ளை செய்யட்டும். பருப்பையும் கடலையையும் ஊற வைத்து வேகவை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறை. புது சிலிண்டர் மாட்டுகிற தேதியைக் காலண்டரில் எழுது. 14.2 கிலோ உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது என்று இரண்டு சிலிண்டரில் தெரிந்துவிடும்.

போக்குவரத்தில் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பி.எம்.டி.சி. சாதாரணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். உன் ஆதாரில் இன்னும் திருப்பத்தூர் முகவரிதானே இருக்கிறது? இங்கேயே நிலையாகக் குடியிருப்பது என்று முடிவானால், வாடகை ஒப்பந்தத்தை வைத்து முகவரியை மாற்று. ஊர் விட்டுப் போகிற மாதிரி மனசு கனக்கும். அட்டையில் முகவரி மாறினால் பிறந்த ஊர் போய்விடாது. மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் கட்டணம் கூடி, அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது. ஸ்மார்ட் கார்டில் 5 சதவீதம் குறையும், நெரிசல் இல்லாத நேரத்தில் இன்னும் 5 சதவீதம்.

அட்வான்ஸ் பணத்தை மறந்துவிடாதீர்கள். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது இந்த ஊரின் பழைய வழக்கம். ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வீட்டுக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது, மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். இன்றே சுவர், குழாய், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். உங்கள் பெரிய சேமிப்பு இப்போது ஓனர் கையில்தான் இருக்கிறது.

மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது என்பதில் நான் பயந்தவள்தான். பெரியப்பா தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்து, அதிக வட்டி என்று யாராவது சொன்னாலே எழுந்து வந்துவிடுவோம். 2019 ஜூனில் சிவாஜி நகரில் ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் தெருவில் நின்றன. அவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள்தான். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம். சீட்டு போட்டால் பதிவு பெற்ற சீட்டில் மட்டும் போடுங்கள், தெரிந்தவர் என்பதற்காகப் போடாதீர்கள். சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி. பிடிக்கும்படி வைத்துவிடு. மாதக் கடைசியில் மீந்ததைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தில் கை வைக்காதே. வார விடுப்பும் பண்டிகைக் காசும் அவர் உரிமை. தெருவில் தலையில் சுமந்து கீரை விற்கிறவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதே. டாக்டர் சொன்ன மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. விலை அதிகம் என்றால் டாக்டரிடம் கேட்டு, ஜன் ஔஷதி கடையில் அதே மருந்தை வாங்கு, பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பழமும் பாலும் குறையக் கூடாது. மாதம் ஒரு சினிமாவும் வேண்டும். எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டு வாழ்கிற வீட்டில் மூன்றாவது மாதம் சண்டை வரும், நான்காவது மாதம் இரட்டிப்புச் செலவு வரும்.

இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்காதே. இந்த வாரம் ஆர்.ஆர். எண்ணையும் ஆதாரையும் இணைத்துவிடு, கீசர் நேரத்தைக் குறை, சென்ற மாத ஆர்டர்களைக் கூட்டு. மூன்றும் முடிந்ததும் அடுத்த கரண்ட் பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மெட்ரோ ஏறி அல்சூர் வந்துவிடுங்கள், சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
பெரியம்மா