கையடக்க விளையாட்டுக் கருவிக்கு ஏற்ற செயலி

உள்ளங்கையில் அடங்கும் மின்னணு விளையாட்டுக் கருவி தோற்றத்தில் பொம்மை போன்றதாயினும், அமைப்பில் அது ஒரு முழுக் கணிப்பொறியே ஆகும். திரையையும் விசைகளையும் ஒலிபெருக்கியையும் ஆண்டு, விளையாட்டுக்குரிய நிரலை நிறைவேற்றும் பகுதிக்குச் செயலி என்று பெயர். பெரிய கம்பெனிகள் தம் கருவிக்கு வேண்டிய செயலியைத் தமக்கென்றே வடிவமைத்துக்கொள்ளும் வசதி படைத்தவை. லட்சக்கணக்கில் விற்பனையாகும் பொருளுக்கு அச்செலவு ஒரு பொருட்டன்று. ஆனால் ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி, தாம் எழுதும் நிரல்கள் தடையின்றி இயங்கக்கூடிய ஒரு கருவியைத் தாமே செய்ய முற்படும்போது நிலைமை வேறாகின்றது. சந்தையில் விற்கப்படும் சில்லுகளுள் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்கவேண்டும். அத்தேர்வை எளிதில் மாற்றவும் இயலாது; சுற்றுப்பலகை, மின்கலம், நிரல்கள் யாவும் அச்சில்லைச் சுற்றியே அமைகின்றன. முன்பணம் செலுத்திக் காத்திருப்போரின் பொருளும், நிரல் எழுதுவோரின் பல ஆண்டு உழைப்பும் அந்த ஒரு முடிவைப் பொறுத்து நிற்கின்றன.

2008-ஆம் ஆண்டில் முன்பதிவு தொடங்கி 2010-இல் வாங்கியோர் கைக்கு வந்துசேர்ந்த ‘பண்டோரா’ என்னும் கருவி இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

முன்னோடிகள்

பண்டோராவுக்கு முன்னரே கொரியாவில் இவ்வகைக் கருவிகள் தோன்றியிருந்தன. 2001-இல் வெளியான ஜி.பி.32 என்ற கருவியில் 133 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஏ.ஆர்.எம். இனச் செயலி ஒன்று இருந்தது. அதனை வாங்கியோர் தாமே நிரல் எழுதி இயக்க முடிந்தமையால், விற்பனை பெரிதாக இல்லாவிடினும், கருவிக்கு உலகெங்கும் அன்பர்கள் ஏற்பட்டனர். 2005-இல் வந்த ஜி.பி.2எக்ஸ் கருவியின் சில்லில் 200 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இரு செயலிகள் இருந்தன. ஒன்றில் லினக்ஸ் இயங்கிற்று. மற்றதில் நினைவகத்தை முறைப்படி பங்கிட்டுக் காக்கும் உறுப்பு இல்லாமையால், லினக்ஸ் அதனை ஏற்கவில்லை. படக்காட்சிகளைப் பிரித்துக் காட்டுதல் போன்ற வேலைகளுக்கே அது பெரிதும் பயன்பட்டது. இரண்டு செயலி என்று விளம்பரத்தில் கூறுவது எளிது. இரண்டாவதைப் பயன்படுத்த நிரல் எழுதுவோர் தனியே பாடுபட வேண்டும் என்பதை அன்பர்கள் அப்போதே உணர்ந்தனர்.

இக்கருவிகளைப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விற்றுவந்தவர்களும், இவற்றுக்கு நிரல் எழுதிவந்தவர்களுமே பின்னர்ப் பண்டோராவைத் திட்டமிட்டனர். கணிப்பொறியைப் போன்ற சிறு விசைப்பலகை, 4.3 அங்குலத் தொடுதிரை, நெடுநேரம் உழைக்கும் மின்கலம் ஆகியவை வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். முதல் தொகுதியாக 4,000 கருவிகளே செய்வதாக இருந்தது.

வேகம் என்பது என்ன?

செயலியின் வேகத்தை மெகாஹெர்ட்ஸ் கணக்கில் கூறுவது வழக்கம். ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்குப் பத்து லட்சம் கடிகாரத் துடிப்புகள் ஆகும். எண் பெரிதாயின் செயலியும் சிறந்தது என்று எண்ணத் தோன்றும். அது முழு உண்மையன்று என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம்.

விளையாட்டுத் திரையில் நொடிக்கு 60 படங்கள் மாறவேண்டும் என்று கொள்வோம். ஜி.பி.32-இன் செயலிக்கு ஒரு படம் வரையக் கிடைப்பவை ஏறத்தாழ 22 லட்சம் துடிப்புகள். அதன் திரையில் அகலத்தில் 320, உயரத்தில் 240, ஆக 76,800 படப்புள்ளிகள் உள்ளன. வகுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிக்கு 29 துடிப்புகள் கிடைக்கும். பண்டோராவின் செயலிக்கு வேகம் 600 மெகாஹெர்ட்ஸ். எனவே ஒரு படத்துக்கு ஒரு கோடி துடிப்புகள். ஆனால் திரையோ அகலத்தில் 800, உயரத்தில் 480, புள்ளிகள் 3,84,000. வகுத்தால் கிடைப்பது புள்ளிக்கு 26 துடிப்புகளே! கடிகார வேகம் நாலரை மடங்கு பெருகியது. திரையின் புள்ளிகள் ஐந்து மடங்கு பெருகிவிட்டன. துடிப்புகளை மட்டும் எண்ணிப் பார்த்தால், புதிய கருவி பழையதைவிடச் சற்றே ஏழையாகிவிடுகின்றது.

ஒரு துடிப்பில் நடைபெறும் வேலையின் அளவு எல்லாச் செயலிகளிலும் ஒன்றன்று என்பது உண்மை. பண்டோராவில் அமைந்த கார்ட்டெக்ஸ் ஏ-8 என்னும் செயலி, இடமுள்ளபோது ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளைத் தொடங்கவல்லது. பல எண்களை ஒருங்கே எடுத்து ஒரே கட்டளையால் கணிக்கும் ‘நியான்’ என்ற உறுப்பும் அதில் உண்டு. மறுபுறம், பின்ன எண்களைக் கணிக்கும் சாதாரண உறுப்பு இச்செயலியில் மந்தமானது. ஒரு கணக்கு முடியுமுன் அடுத்ததை அது ஏற்பதில்லை. நியானைக் கருதி எழுதப்பட்ட நிரல் விரைந்தோடும். கருதாது எழுதப்பட்டது தள்ளாடும்.

ஆயினும் புள்ளிக்கு 26 துடிப்பு என்னும் எல்லை, முப்பரிமாணக் காட்சிகளைச் செயலியே வரைவது இயலாது என்பதைத் தெளிவாக்கிற்று. படம் வரைவதற்கென்றே தனி உறுப்பு அதே சில்லில் இருத்தல் இன்றியமையாததாயிற்று. நினைவகத்தின் வேகத்தையும் மறத்தலாகாது. புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் எனக் கொண்டால், ஏற்கெனவே வரைந்த படத்தைத் திரைக்கு அனுப்புவதற்கு மட்டுமே நொடிக்கு 4 கோடியே 60 லட்சம் பைட்டுகள் நினைவகத்திலிருந்து படிக்கப்படுகின்றன. வரைதலும் அழித்தலும் இதற்கு மேலான செலவாகும்.

பழைய கருவிகளுக்குரிய விளையாட்டுகளைப் புதிய கருவியில் இயக்குதல் இவ்வன்பர்களின் பெருவிருப்பம். 1994-இல் வெளியான பிளேஸ்டேஷன் கருவியின் செயலி 33.87 மெகாஹெர்ட்ஸ் வேகத்தது. அதன் ஒவ்வொரு துடிப்புக்கும் பண்டோராவில் சுமார் 18 துடிப்புகள் உண்டு. பழைய கட்டளை ஒன்றைப் படித்து, அதன் பொருளை ஆராய்ந்து, உரிய வேலையைச் செய்து மீள்வதற்கு இத்துடிப்புகள் பெரும்பாலும் செலவாகிவிடும். படத்துக்கும் ஒலிக்கும் மிஞ்சுவது சிறிதே. ஆகவே பழைய கட்டளைத் தொடர்களை ஒருமுறை புதிய செயலியின் கட்டளைகளாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் அதனையே இயக்கும் முறை கையாளப்பட்டது. பண்டோராவுக்கென எழுதப்பட்ட ‘பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்டு’ என்னும் நிரல் இவ்வாறு அமைந்ததே. படம் வரையும் பகுதிக்கு அது நியான் உறுப்பைப் பயன்படுத்திற்று. பின்னர் வேறு பல சிறு கருவிகளுக்கும் அந்நிரல் பரவியது.

மின்கலம் விதிக்கும் எல்லை

பண்டோராவின் மின்கலம் 4,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும் 3.7 வோல்ட் அழுத்தமும் உடையது. இரண்டையும் பெருக்கினால் 14.8 வாட்-மணி. பத்து மணி நேரம் விளையாட வேண்டுமாயின், திரை விளக்கு உட்படக் கருவி முழுவதும் சராசரி ஒன்றரை வாட்டுக்குள் அடங்கவேண்டும். 2008-இல் வெளிவந்த இண்டெல் கம்பெனியின் ‘ஆட்டம்’ செயலி, மேசைக் கணிப்பொறிக்குரிய நிரல்களை அப்படியே ஏற்கும் என்பதால் சிலரைக் கவர்ந்திருக்கக்கூடும். ஆனால் சிறு கருவிகளுக்கான அவ்வகையோடு இணைக்கப்படும் துணைச் சில்லுக்கு மட்டுமே 2.3 வாட் வெப்பத்துக்கு இடம் செய்யவேண்டியிருந்தது. ஏ.ஆர்.எம். இனமே ஏற்றது என்ற முடிவுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

செயலி உண்ணும் சக்தி, கடிகார வேகத்தையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கும், அதனால் இயலும்போது அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கும் குறைத்தால், சக்திச் செலவு 100-இலிருந்து ஏறத்தாழ 65-ஆகக் குறையும். எளிய விளையாட்டுகளுக்கு வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும் ஏற்பாடு ஒரு சில்லில் உண்டா என்பது, அதன் உச்ச வேகம் என்ன என்பதற்கு ஈடான கேள்வியாகும்.

நூலும் சில்லும்

இதுகாறும் கூறிய தகுதிகள் யாவும் பொருந்திய சில்லுகள் அக்காலத்துக் கைத்தொலைபேசிகளில் பல இருந்தன. எனினும் அவை ஆர்வலர்க்கு எட்டாக்கனிகளாகவே இருந்தன. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியின் ஓமேப் 3430 என்னும் சில்லு இதற்குத் தக்க சான்று. அது பெருந்தொகையில் வாங்கும் தொலைபேசி உற்பத்தியாளர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது; நாலாயிரம் கேட்பவரிடம் அதனை விற்பாரில்லை. அக்கம்பெனியே 2008-இல் ஏறத்தாழ அதே அமைப்புள்ள ஓமேப் 3530 சில்லைப் பொதுச் சந்தைக்கு விடுத்தது. விநியோகஸ்தர் வாயிலாகச் சிறு எண்ணிக்கையிலும் அதனை வாங்கலாம். சில்லின் உள்ளமைப்பை விவரிக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட கையேட்டையும் எவரும் இலவசமாகப் பெறலாம். அதே ஆண்டில் 149 டாலர் விலையில் ‘பீகிள்போர்டு’ என்னும் பயிற்சிப் பலகை அச்சில்லைக்கொண்டு வெளியாயிற்று. அதன் சுற்றுப்படமும் பகிரங்கமாக்கப்பட்டது. பண்டோராவின் பலகை முடிவுறுமுன்பே நிரல் எழுதுவோர் தம் வேலையைத் தொடங்க இது வழிவகுத்தது.

பண்டோராவின் தேர்வை உறுதிசெய்தது இதுவே என்று கூறலாம். 600 மெகாஹெர்ட்ஸ் வேறு இடத்திலும் கிடைத்திருக்கும். கையேடும் சில்லும் ஒருங்கே கிடைத்திரா. கையேடற்ற சில்லு பூட்டிய பெட்டி. ஆயிரம் பேர் ஆர்வத்தோடு கூடினாலும் திறவுகோல் ஒரு கம்பெனியின் கையில் இருக்கும்வரை அவர்கள் வாயிலில் நிற்கவேண்டியவர்களே.

ஆனால் அந்தச் சில்லிலும் ஒரு மூலை பூட்டியே கிடந்தது. படம் வரையும் பகுதியாகிய ‘பவர்வி.ஆர். எஸ்.ஜி.எக்ஸ். 530’ வேறொரு கம்பெனியின் வடிவமைப்பு. அதனை இயக்கும் நிரல் மூலவடிவில் தரப்படவில்லை. இயந்திர மொழியில் ஆக்கப்பட்ட கட்டாகவே வழங்கப்பட்டது. லினக்ஸின் உட்கரு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இக்கட்டும் அதற்கு இணங்கவேண்டும். இணங்காவிடின் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சில்லிலிருந்த மற்றோர் உறுப்பு, ஒலி போன்ற தொடர் அலைகளைக் கணிக்கவல்ல 430 மெகாஹெர்ட்ஸ் துணைச் செயலி. தனி மொழிபெயர்ப்பு நிரல்களும் தனிப் பயிற்சியும் அதற்கு வேண்டியிருந்தமையால், பல ஆண்டுகள் அது பெரும்பாலும் வாளாவிருந்தது. ஜி.பி.2எக்ஸ் கருவியின் இரண்டாம் செயலிக்கு நேர்ந்த கதிதான்.

இச்சில்லின் மேல் நினைவகச் சில்லை நேரே அடுக்கிப் பொருத்தும் வசதி குறிப்பிடத்தக்கது. பலகையில் இடமும் குறையும். இரண்டுக்கும் இடையே உள்ள கம்பிப்பாதையும் குறுகும். தொடக்கத்தில் 256 மெகாபைட்டாக இருந்த நினைவகம் பிந்திய தொகுதிகளில் 512 மெகாபைட்டாகப் பெருகியது. பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த டி.எம். 3730 சில்லைப் பொருத்தி ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பதிப்பும் வந்தது. பழைய நிரல்கள் அதிலும் இயங்கின. ஒரே குடும்பத்தில் அடுத்த சில்லு இருப்பதும் தேர்வின்போது எண்ணத்தக்க ஒரு நன்மையாகும்.

வழித்தோன்றல்

அக்குடும்பமே முடிவுறின் என்ன செய்வது? இக்கேள்வி வெறுங்கற்பனையன்று. பண்டோராவின் வழித்தோன்றலாகிய ‘பைரா’ என்னும் கருவிக்கு ஓமேப் 5432 சில்லு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் கார்ட்டெக்ஸ் ஏ-15 இனச் செயலிகள் இரண்டு உள்ளன. ஆனால் 2012-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனி, தொலைபேசி, பலகைக் கணிப்பொறி ஆகியவற்றுக்கான ஓமேப் முயற்சியிலிருந்து விலகித் தொழிற்சாலை, மோட்டார் வாகனம் போன்ற துறைகளின் பக்கம் திரும்புவதாக அறிவித்திருந்தது. பைராவுக்கு முன்பதிவு 2016-இல் தொடங்கிற்று. சிறு குழு ஒன்று கருவியைச் செய்து முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம், செயலிகள் பழையனவாவதற்கு ஆகும் காலத்தைவிட நீண்டது. இதனை அக்குழுவினர் முன்னரே உணர்ந்திருந்தனர் என்பது கருவியின் அமைப்பிலிருந்து புலனாகின்றது. செயலியும் நினைவகமும் முதன்மைப் பலகையில் பற்றவைக்கப்படாமல், தனியே ஒரு சிறு பலகையில் அமைந்து, இணைப்பியின் மூலம் பொருந்துகின்றன. வேறொரு செயலி கிடைக்குமாயின் அச்சிறு பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; திரையும் விசைகளும் உறையும் அப்படியே இருக்கும்.

இவ்வேற்பாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. இணைப்பியின் எந்த முனை எந்தக் குறியலைக்கு உரியது என்பது முதற்செயலியை ஒட்டியே முடிவுசெய்யப்படுகின்றது. புதிதாக வரும் செயலி, திரைக்கும் நினைவட்டைக்கும் ஒலிக்கும் அதே வகைக் குறியலைகளைத் தரவேண்டும். தராவிடில் இடையே மாற்றுச் சில்லுகளை வைக்கவேண்டும். அவை இடத்தையும் மின்சக்தியையும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்ளும்.