தெளிந்த நீரில் திணறும் மீன்

மதுரை மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தில் மீன்கள் இருப்பதில்லை என்பார்கள். நாரை ஒன்று சிவபெருமானிடம் வேண்டிப் பெற்ற வரம் அது என்று திருவிளையாடற் புராணக் கதை கூறுகிறது. நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் இல்லாமற் போவதற்கு வரம் எதுவும் தேவையில்லை. அரைகுறை அறிவே போதும். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுத் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம் கொண்டது. ஏறத்தாழ 60 லிட்டர் நீர் பிடிக்கும். அதில் ஆறு சிறிய தங்கமீன்கள் இருந்தன. சித்திரை மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் நின்றது. விடியும் வரை வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஆறு மீன்களும் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மின்சாரம் வந்து காற்றுக்குமிழிகள் எழத் தொடங்கியதும் சிறிது நேரத்தில் கீழே இறங்கி நீந்தின.

அத்துடன் நான் விட்டிருக்கலாம். "நீர் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்து தொட்டியைக் காலி செய்தேன். கூழாங்கற்களையும் வடிகட்டியின் ஸ்பாஞ்சையும் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். குளோரின் மீனுக்கு ஆகாது என்பது தெரியும். ஆகவே முதல்நாளே பிடித்து வைத்த நீரை ஊற்றினேன். தொட்டி பளிங்குபோல் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் மீன்கள் மறுபடி மேலே வந்து திணறின. இம்முறை குமிழிகள் தாராளமாக எழுந்துகொண்டிருந்தன. ஐந்தாம் நாள் இரண்டு மீன்கள் இறந்தன.

அறிகுறி ஒன்றுதான்; காரணங்கள் இரண்டு. அவற்றைப் பிரித்தறிவது எப்படி என்று காண்போம்.

முதல் காரணம்: மூச்சுக்காற்று

ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் உட்சுவரில் சிறுசிறு குமிழிகள் ஒட்டியிருக்கும். நீரில் கரைந்திருந்த காற்று அது. நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்திருக்கக்கூடிய வாயுவின் அளவு குறைகிறது. 20° செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30° செ.இல் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம், 35° செ.இல் 7 மில்லிகிராம்தான். ஆனால் வெப்பம் கூடும்போது மீனின் உடலுக்குப் பிராணவாயு அதிகமாகத் தேவைப்படுகிறது. வரவு குறையும்போது செலவு கூடுகிறது!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30° செ.இல் 60 லிட்டர் நீரில் கரையக்கூடிய பிராணவாயு 60 × 7.5 = 450 மில்லிகிராம். நாம் சுவாசிக்கும் காற்றிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் உள்ளது. அதாவது, தொட்டி முழுவதிலும் உள்ள பிராணவாயு இரண்டு லிட்டர் காற்றில் உள்ளதைவிடக் குறைவு. இந்தச் சிறு சேமிப்பை மீன்களும் பாக்டீரியாக்களும், இரவில் நீர்ச்செடிகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவேதான் தட்டுப்பாடு விடியற்காலையில் உச்சத்தை எட்டுகிறது.

அசையாத நீரில் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. எனவே மேற்பரப்பில் கரைந்த வாயு தானாக அடிமட்டத்தை அடைவது மிகக் கடினம். குமிழிகளின் முக்கியமான பணி, அடிநீரை மேலே தூக்கி வந்து காற்றோடு உறவாட விடுவதே. வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தைவிட அகன்ற தொட்டி சிறந்தது என்பதற்கும் இதுவே காரணம்.

பெரிய ஏரிக்கும் இவ்விதியிலிருந்து விலக்கு இல்லை. 2016 மார்ச் மாதத்தில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்ததும், கோடை வெப்பமும், நீரில் பிராணவாயு குறைந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இரண்டாம் காரணம்: கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

அடுத்த தெருவில் மீன் வளர்க்கும் பிளஸ் டூ மாணவன் ஒருவன் என் தொட்டியைப் பார்த்ததும் கேட்டான்: "ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியிலயா சார் அலசுனீங்க? அதுலதானே சார் எல்லாம் இருக்கு!"

எல்லாம் என்றால் என்ன? மீன் தன் கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாக நீரில் விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை, நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இத்தகைய பாக்டீரியாக்களை ருஷ்ய அறிவியலார் செர்கே வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கினார். ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்பவை இவையே. நான் குழாய்நீரின் குளோரினாலும் சித்திரை வெயிலாலும் அழித்தவையும் இவையே! புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஆகவே நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் திணறுகிறது.

நீரின் காரத்தன்மையும் இங்கே முக்கியம். 30° செ.இல் பி.எச். 7 ஆக இருந்தால், நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஏழெட்டுப் பங்காகிறது. காரத்தன்மை மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றுவோர் இதை மறக்கலாகாது.

அந்த மாணவன் தன் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தான். அழுக்குப் படிந்த அத்துண்டை என் வடிகட்டியில் வைத்தேன். நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றினேன். தீனியை வெகுவாகக் குறைத்தேன். மீதி நான்கு மீன்களும் பிழைத்தன.

உப்பின் கணக்கு

மூன்றாவது தொல்லை மெதுவாக வருவது. நம் பகுதியில் கோடையில் நீர் விரைவாக ஆவியாகும். மூடியில்லாத இத்தொட்டியில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் குறைவதாகக் கொண்டால், அது ஏறத்தாழ 0.9 லிட்டர். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரால் அக்குறையை நிரப்பி வந்தால், சுமார் 67 நாளில் உப்பு இருமடங்காகிவிடும். ஆகவே குறைந்ததை நிரப்புவது மட்டும் போதாது; பழைய நீரில் ஒரு பகுதியை வெளியேற்றவும் வேண்டும்.

மீன் திணறினால் என்ன செய்வது?

1. நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையிலோ மின்தடையின்போதோ மட்டும் திணறினால் பிராணவாயுக் குறைவு என்று ஐயுறலாம். குமிழிகள் நன்கு எழும்போதும் நாள் முழுவதும் திணறினால் அம்மோனியாவையோ நைட்ரைட்டையோ ஐயுறுங்கள். கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசலால் உறுதி செய்யலாம்.

2. மின்சாரம் இல்லாவிட்டால் ஒரு தம்ளரால் நீரை மொண்டு, டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் ஊற்றுங்கள்.

3. குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துக் குளோரினைப் போக்குங்கள். தொட்டி நீரின் வெப்பநிலையே புதுநீருக்கும் இருக்கட்டும். ஒரு வேளையில் கால்பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

4. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாகப் பிழியுங்கள்.

5. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீனி இடுங்கள்.

6. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாதீர்கள். மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது.

1850ஆம் ஆண்டில் இலண்டன் வேதியியலார் இராபர்ட் வாரிங்டன், நீர்த்தாவரங்களோடு தங்கமீன்களை ஒரு தொட்டியில் வளர்த்ததைப் பற்றி எழுதினார். இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, அவற்றைத் தின்னும் நத்தைகளை உள்ளே விட்டார், நீர் தெளிந்தது. தொட்டி என்பது வெறும் நீர் நிறைந்த பாத்திரமன்று, உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சிறு உலகம் என்பதை அவர் கண்டார். அதையே இரண்டு மீன்களை இழந்து நான் கற்றேன். நீங்கள் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் நேரம், வெப்பநிலை, மீன்களின் நடத்தை ஆகியவற்றை எழுதி வாருங்கள். இழக்காமலேயே கற்றுக்கொள்ளலாம்.